காற்றுக்குப் பயந்த மெசின்

எங்கள் வீட்டுக்கு மிக் வெல்டிங் மெசின் வந்த கதையைச் சொல்வதென்றால் இறால் வடையில்தான் தொடங்கவேண்டும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் என் மனைவி சுட்ட வடையைச் சாப்பிடாதவர்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பரிதாபப்பட்டுவிட்டுத் தொடங்குகிறேன்.

பருப்பு வடைதான். ஆனால் மேலே ஒரு முழு இறால், மீசையோடு, படுத்துக் கிடக்கும். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் அதை வீட்டில் சுட்டு, வாளியில் அடுக்கி, கடற்கரையில் தள்ளுவண்டி வைத்திருந்த ஒருவருக்குக் கொடுத்துவந்தாள். அவர் அதை இன்னொருமுறை எண்ணெயில் முக்கி எடுத்து விற்பார். ஒரு நாள் பின்னேரம் நாங்கள் இரண்டுபேரும் கடற்கரைக்குப் போனபோது அவருடைய வண்டியைச் சுற்றிக் கொழும்பிலிருந்து வந்த சனம் நின்றது. ஒரு அம்மா வடையைக் கடித்துவிட்டு, யார் செய்தது என்று கேட்டார்.

"எல்லாம் என்ர கைப்பக்குவம்தான்" என்றார் வண்டிக்காரர். என் மனைவி பக்கத்தில்தான் நின்றாள். இவளைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

வழக்கமாக நான் ஒரு வார்த்தை சொன்னால் பத்து வார்த்தை பேசுகிற மனுசி, அன்றைக்கு எனக்கு முன்னால் விறுவிறென்று வீட்டுக்கு நடந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு ஒரு வண்டி வேணும்."

"தள்ளுற வண்டியோ, ஓடுற வண்டியோ?"

"பகிடி விடாதேங்கோ. நீங்கள் கேற் செய்யிற ஆள்தானே. ஊரெல்லாம் கேற் போட்டுக் குடுக்கிறியள், எனக்கு ஒரு வண்டி செய்யேலாதோ?"

சீனக்குடாப் பக்கம் போகிற றோட்டில் ஒரு பட்டறையில் எனக்கு வேலை. வாசல் கேற், ஜன்னல் கிறில், மாடிப்படிக் கைப்பிடி. ஒன்பதாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனபிறகு இரும்புதான் என்னைச் சேர்த்துக்கொண்டது. வீட்டுக்குப் பின்னால், கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவில், நாலு கம்பமும் தகரக் கூரையுமாக எனக்கென்று ஒரு கொட்டில் இருந்தது. சுவர் கிடையாது. அதற்குள் குச்சி வைத்து ஒட்டுகிற பழைய வெல்டிங் மெசின் ஒன்று. அதை நான் போட்டால் மதிலுக்கு அந்தப்பக்கத்து மாமியின் ரீவி படம் நடுங்கும். "தம்பீ, நாடகத்தில கலியாணம் நடக்குது, தாலி கட்டும்வரைக்கும் பொறு!" என்று சத்தம் வரும். நானும் பொறுத்துக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த நாளே இவள், கடற்கரையில் வண்டி போட இடம் கொடுக்கிற நகரசபைக் கந்தோருக்குப் போய் வந்தாள். கடற்கரையில் அடுத்த மாத முதலாம் திகதியிலிருந்து ஒரு இடம் காலியாகிறது, ஆனால் வண்டியைக் கொண்டுவந்து காட்டினால்தான் தருவோம், இல்லாவிட்டால் வரிசையில் அடுத்த ஆளுக்கு என்று சொல்லிவிட்டார்கள். வரும் வழியில் அந்த வண்டிக்காரரிடமும் போய், இனி வடை தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"ஏன் இப்பவே சொன்னனீ? வண்டி வரும்வரைக்கும் குடுத்திருக்கலாமே."

"சொல்லாட்டி நீங்கள் ஆறுதலாச் செய்வியள்" என்றாள். என்னைப் படித்து வைத்திருந்தாள்.

அந்தச் சனிக்கிழமையே இறங்கினேன். சில்லுப் பொருத்துகிற அடிச்சட்டத்துக்குத் தடித்த இரும்பு. அதைப் பழைய மெசின் நன்றாக ஒட்டியது. மேலே வரும் பெட்டி, அடுப்புத் தட்டு, கண்ணாடிச் சட்டம் எல்லாம் மெல்லிய தகடு. பாரம் கூடினால் மணலில் இவளால் தள்ள ஏலாது. அந்த மெல்லிய தகட்டில் குச்சியை வைத்தேன். டப். ஓட்டை. ஓட்டையை அடைக்கப் போனேன். இன்னொரு ஓட்டை, முதல் ஓட்டையைவிடப் பெரிசு.

இவள் தேத்தண்ணியோடு வந்து தகட்டைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள்.

"வடிவாத்தான் இருக்கு. கொசுவலையும் செய்வியளோ?"

"உனக்கு மா அரிக்கிற அரிதட்டு வேணுமெண்டு கேட்டனீதானே."

"வண்டி கேட்டனான்."

அப்படித்தான் மிக் மெசின் என்ற பேச்சு வந்தது. வாகனங்களுக்குத் தகட்டு வேலை செய்கிற இடங்களில் அதைத் தூர நின்று பார்த்திருக்கிறேன். துவக்கு மாதிரி, துப்பாக்கிபோல ஒரு பிடி; விசையை அமத்தினால் மெல்லிய கம்பி தானாகவே வந்துகொண்டிருக்கும். சோற்றுக் கரண்டியால் குழந்தைக்கு ஊட்டுவதுபோல மெதுவாக ஒட்டலாம். மெல்லிய தகடு ஓட்டையாகாது. கொஞ்சக் காலமாகவே எனக்கு அதில் ஒரு கண். இவளுடைய வண்டியைச் சாட்டாக வைத்து அதை வாங்கிவிடலாம் என்று எனக்கு உள்ளுக்குள்ளே புளுகம், ஒரே சந்தோசம்தான்.

டவுனில் மெசின், பம்ப், கயிறு எல்லாம் விற்கிற கடை ஒன்று. அதன் முஸ்லிம் முதலாளியை நாங்கள் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவோம். நானும் இவளும் இவளுடைய தமையனும் போனோம். தமையன் சல்லிக் கிராமத்தில் கடற்தொழில் செய்கிறவன்; எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, ஒருவரை ஒருவர் மச்சான் என்று கூப்பிட்டு நக்கலடிப்பது எங்கள் இருவருக்கும் தொழில். வடைக்கு இறால் அவன்தான் கொண்டுவருவான். ஆகவே தனக்கும் வண்டியில் பங்கு இருப்பதாக அவனுக்கு எண்ணம்.

நானா இரண்டு மெசினை முன்னுக்கு வைத்தார். ஒன்று சிவப்பு, மற்றது நீலம்.

"இங்க பாருங்க தம்பி. இந்தச் செவப்பு, வாயு தேவயில்ல. கம்பிக்குள்ளயே மருந்து இருக்கு, அதுவே பொகஞ்சு பாதுகாக்கும். ஆனா கரி புடிக்கும், சிதறும், ஒட்டினதுக்குப் பொறகு தட்டித் துப்பரவாக்கணும். இந்த நீலம், சிலிண்டரில இருந்து வாயு வரும். உருகுற இரும்புக்கு மேல போர்வ மாதிரி மூடி நிக்கும். வேலை கண்ணாடி மாதிரி இருக்கும்."

"ரண்டையும் ஒரு மெசினில செய்யேலாதோ நானா?" என்று கேட்டேன்.

"செய்யிற மெசினும் ஈக்கு. இப்ப கையில இல்ல. மாசக் கடசியில வரும்."

மாதக் கடைசி எங்களுக்கு உதவாது. பின்பக்க அறைக்குக் கூட்டிக்கொண்டுபோய் இரண்டிலும் ஒட்டிக் காட்டினார். சிவப்பு சீறியது, புகைந்தது, மச்சான் தும்மினான். நீலம் மெல்லப் பொரிந்தது. எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் இவளுடைய முகம் மாறியதை நான் பார்த்தேன். சமைக்கிறவளுக்குச் சத்தம் போதும்.

சூடு ஆறியதும் ஒட்டின இடத்தை விரலால் தடவினாள். சிவப்பில் ஒட்டினதையும் தடவினாள்.

"சாப்பாட்டு வண்டி. இதில கரி இருந்தா ஆர் சாப்பிடுவினம்? இது மழுமழுவெண்டு இருக்கு. நீலம்."

"நான்தானே ஒட்டப்போறன், என்னைக் கேக்கேல்லையே?"

"சரி, உங்களுக்கு எது?"

"நீலம்" என்றேன். மச்சான் கடையதிரச் சிரித்தான்.

ஓட்டோவில் மெசின் பெட்டியை நான் மடியில் வைத்துக்கொண்டேன். ஆளுயரச் சிலிண்டரை மச்சான் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தான். கோயிலடியில் தெரிந்த ஆட்கள் பார்த்துச் சிரிக்க, "பொம்பிளை கூட்டிக்கொண்டு போறன், வழி விடுங்கோ!" என்று கத்தினான். அவனுக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். விரும்பினவர்கள் விசாரிக்கலாம்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்து, மட்டையைக் கொட்டிலோரம் போட்டுவிட்டு, மெசினைப் பொருத்தினேன். இவளும் மச்சானும் பின்னால் நிற்க, கறுப்புக் கண்ணாடியை முகத்தில் இறக்கி, விசையை அமத்தினேன்.

அப்பளச் சத்தம் வரவில்லை. சோளம் பொரிகிற சத்தம் வந்தது. கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தால், ஒட்டின இடம் முழுக்கச் சின்னச் சின்னத் துளை. இவள் சுடுகிற அப்பத்தின் நடுப்பகுதி அச்சொட்டாக அப்படித்தான் இருக்கும். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன். கையோடு வந்துவிட்டது.

"பால் போடாத பிளேன்ரீயோட சாப்பிடலாம்போல" என்றான் மச்சான்.

கரண்டைக் கூட்டினேன், குறைத்தேன். கம்பி வேகத்தைக் கூட்டினேன், குறைத்தேன். தகட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். சிலிண்டரைத் திறந்து மூடித் திறந்தேன். வெட்டி வைத்திருந்த தகட்டில் பாதி அப்பமாகிப் போனது. அடுத்த நாளும் அப்பம், அதற்கடுத்த நாள் வேலையால் வந்து பார்த்தாலும் அப்பம். புது மெசினால் கிடைத்த ஒரே நன்மை, பக்கத்து வீட்டு மாமியின் ரீவி நடுங்கவில்லை. "என்ன தம்பி, இப்ப வேலை ஒண்டும் இல்லையோ?" என்று மதிலுக்கு மேலால் அன்பாக விசாரித்தார்.

இவள் வடை சுடாத தாச்சியைத் தினமும் கழுவி வெயிலில் வைத்தாள். வெறும் தாச்சியைக் கழுவுகிற சத்தம் திட்டுவதைவிட மோசம்.

"மெசின் பிழை. குடுத்திட்டு மற்றதை எடுப்பம்" என்று முடிவெடுத்தேன். பெட்டியில் போட்டுத்தான் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று நானா முதலே சொல்லியிருந்தார். பெட்டியைத் தேடினேன். கொட்டிலோரத்தில் ஒரு மூலைத்துண்டும் கொஞ்சம் ஒட்டுநாடாவும் கிடந்தன. மிச்சத்தை, மதில் வாசலில் நின்ற இரண்டு மான்கள் ஆறுதலாக அசை போட்டுக்கொண்டிருந்தன.

எங்கள் டவுனில் மான் மாடு மாதிரித்தான். றோட்டில் படுக்கும், பஸ் தரிப்பிடத்தில் நிற்கும், மட்டைப்பெட்டி கண்டால் விடாது. இது எனக்குப் பிறந்த நாளிலிருந்து தெரியும். தெரிந்தும் மட்டையை வெளியில் போட்டவன் நான். தோணியைக் கடலில் விட்டுவிட்டு நங்கூரத்தை வீட்டில் மறந்த மாதிரி என்று மச்சான் சொன்னான். அவனுக்கும் அப்படி ஒருமுறை நடந்திருக்கிறது.

மெசினை ஒரு அரிசிச் சாக்கில் போட்டுக்கொண்டு நானாவிடம் போனோம்.

"பெட்டி எங்க தம்பி?"

"மான் திண்டிட்டுது நானா."

நானா என்னைப் பார்த்தார். இவளைப் பார்த்தார். இவள் "ஓம் நானா, உண்மைதான்" என்று தலையாட்டினாள். அவர் கதிரையில் உட்கார்ந்து, மேசையில் நெற்றியை வைத்துச் சிரித்தார். "எத்தின சாட்டுக் கேட்டிருக்கன். வெள்ளம் வந்த, புள்ள கிழிச்சிட்ட... மான்!" என்று கண்ணைத் துடைத்தார். பிறகு அன்பாகவே சொன்னார்: "பெட்டி இல்லாம கொம்பனி எடுக்காது தம்பி. நானும் என்ன செய்யிற? ஆனா மெசின் பிழையெண்டா திருத்தித் தருவன். வாங்க பாப்பம்."

பின்பக்க அறையில் பொருத்தி ஒட்டினார். அப்பளச் சத்தம். மழுமழு. என்னிடம் தந்தார். நானும் ஒட்டினேன். எனக்கும் மழுமழு.

"மெசின் நல்லாத்தானே ஈக்கு?"

"இஞ்ச நல்லாத்தான் இருக்கு நானா" என்று சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. அரிசிச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தோம். வழியில் இவள், "மாமியார் வீட்டில நல்ல பிள்ளையா இருந்திட்டு, எங்கட வீட்டில வந்து குழப்படி செய்யுது. உங்களை மாதிரி" என்றாள். பல நாளுக்குப் பிறகு இவள் விட்ட பகிடி. ஆனால் சிரிக்காமல் விட்டாள். முதலாம் திகதிக்கு இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இடையில் இருந்தது.

அன்று பின்னேரமும் கொட்டிலுக்குள் போய் இருந்தேன். கச்சான் காற்றுக் காலம். கந்தளாய்ப் பக்கமிருந்து தரையைச் சுட்டுக்கொண்டு வந்து, எங்கள் கொட்டிலுக்குள்ளால் புகுந்து, கடலுக்குப் போகும். அந்தக் காற்றில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது காற்று என்றே படுவதில்லை. அது பாட்டுக்கு அடிக்கும், நாங்கள் பாட்டுக்கு இருப்போம்.

இரண்டு தகட்டைச் சேர்த்துப் பிடித்து ஒட்டத் தொடங்கினேன். சோளப்பொரி. பாதியில் இவள் சாப்பிடக் கூப்பிட வந்து எனக்குப் பக்கத்தில் நின்றாள். வெளிச்சம் கண்ணில் படாமல் என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, இடுப்பில் கைவைத்து, மதிலைப் பார்த்தபடி. திடீரென்று சத்தம் மாறியது. அப்பளம்.

நான் விசையை விடவில்லை. மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு போனேன். "சோறு ஆறுது, வாறியளோ இல்லையோ?" என்று சொல்லிவிட்டு இவள் நடந்தாள். மறுபடி சோளப்பொரி.

கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தேன். தொடக்கம் அப்பம், முடிவு அப்பம், நடுவில் ஒரு சாண் மழுமழு. இவள் நின்ற நேரம் மட்டும்.

"ஏய்! திரும்பி வா! நிண்ட இடத்தில நில்லு!"

"என்ன விசரோ?"

"நில்லு எண்டன்!"

வந்து நின்றாள். விசையை அமத்தினேன். அப்பளம். "இப்ப தள்ளி நில்லு." சோளம். "கிட்ட வா." அப்பளம். இப்படி நாலைந்து தரம் அவளைக் கிட்டவும் எட்டவும் நடக்கவிட்டேன். மதிலுக்கு மேலால் மாமி எட்டிப் பார்த்துவிட்டு, புதுசாக் கலியாணம் முடித்ததுகள் என்று முணுமுணுத்துக்கொண்டு இறங்கினார்.

போர்வை என்று நானா சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயுப் போர்வையைக் கச்சான் உருவிக்கொண்டு போய்க் கடலில் விரித்துக்கொண்டிருந்தது. நான் சிலிண்டர் சிலிண்டராகக் கடலுக்குப் போர்த்திக்கொண்டிருந்திருக்கிறேன். பட்டறையில் குச்சியால் ஒட்டுகிற எனக்கு இந்தப் பயமே வந்ததில்லை. அந்தக் கிழட்டு மெசின் புயலிலும் ஒட்டும்.

"அப்ப நான் என்ன செய்ய? வண்டி முடியும்வரைக்கும் இதில நிக்கவோ?"

"ஓம். அதோட கொஞ்சம் கொழுத்தால் இன்னும் நல்லா மறைக்கும்."

கையிலிருந்த துவாயால் அடித்தாள். அடித்துவிட்டு, கொட்டிலைச் சுற்றிப் பார்த்தாள். தகரம் வைத்து மறைத்தால் காற்று தகரத்தைத் தூக்கும். சாக்குக் கட்டினால் பொறி பட்டு எரியும். எங்கள் வீட்டில் அறைக்குள்ளே கட்டிலும் அலுமாரியும் துணியும். நெருப்புப் பொறிக்கு இடமில்லை. நாலு சுவரும் சீமெந்துத் தரையும் உள்ள இடம் இன்னும் ஒன்றுதான் இருந்தது.

அது அவள் சமைக்கிற குசினி. அதற்குள் நான் காலே வைக்கக்கூடாது. கலியாணம் முடித்த முதல் கிழமையே போட்ட சட்டம் அது. இரும்புத்தூள் காலோடு குசினிக்குள் வந்தால் சோறு கிடையாது. தண்ணீர் வேண்டுமானாலும் வாசலில் நின்றுதான் கேட்பேன். அவள்தான் எடுத்துத் தருவாள்.

அவள் உள்ளே போய் மிளகாய்த்தூள் போத்தலையும் உப்புச் சட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். திரும்பப் போய்ப் பருப்பு டின். திரும்பப் போய்த் தாச்சி. அவள் எனக்காகக் குசினியைக் காலியாக்குகிறாள் என்று விளங்கியது. அதனால்தான் பகிடி விட்டேன்: "வீட்டை விட்டுப் போறியோ?"

"உந்த வாயை வச்சுக்கொண்டு நிக்காமல் காஸ் சிலிண்டரைத் தூக்கி வெளியில வையுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை விடிய மச்சான் வந்து பார்த்தபோது குசினி முழுவதும் கிணற்றடியில் இருந்தது. இவள் மூன்று கல் வைத்து அங்கே சமைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே நான்.

"மச்சான், கடைசியா நாட்டைப் பிடிச்சிட்டாய்!" என்றான். பிறகு வாசலை அளந்து பார்த்தான். "செய்யிற வண்டி இதால வருமோ? இல்லாட்டி சனம் வடை வாங்க உங்கட குசினிக்குத்தான் வரவேணும்."

அதை நான் முன்னமே யோசித்திருந்தேன் என்று சொல்ல ஆசைதான். யோசித்தது அவள். மேல்பெட்டி மட்டும் உள்ளே. சில்லுள்ள அடிச்சட்டம் வெளியே. கடைசியில் இரண்டையும் வெளியில் வைத்து திருகாணி பூட்டுவது. தடித்த வேலைக்குக் கிழட்டு மெசின், மெல்லிய வேலைக்கு நீலம். இரண்டும் ஒரே நாளில் வேலை செய்ததில் மாமியின் ரீவி பட்ட பாடு வேறு கதை.

மூடின இடத்தில் அந்த வாயுவோடு கனநேரம் இருந்தால் மூச்சு முட்டும் என்று நானா எச்சரித்திருந்தார். கூரையோரத்து இடைவெளியை அடைக்காமல் விட்டோம். அது போதாதென்று, கொஞ்ச நேரத்துக்கொரு தரம் இவள் வடைக்கரண்டியால் கதவில் தட்டுவாள். தட்டினால் உடனே வெளியில் வரவேண்டும். பிளேன்ரீ தருவாள். முகத்தைப் பார்ப்பாள். "மூச்சை இழுங்கோ. விடுங்கோ. சரி, போங்கோ." ஒருதரம் நான் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருந்தேன். கதவு உடைகிற மாதிரித் தள்ளிக்கொண்டு வந்தாள். நான் சிரித்ததைக் கண்டதும் கரண்டியால் விழுந்த அடி இன்னும் முழங்கையில் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பகிடியை மட்டும் நான் செய்வதில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு, "எனக்கும் ஒருக்கால் தாங்கோ" என்றாள். கண்ணாடியைப் போட்டுவிட்டு, துவக்கைக் கையில் கொடுத்து, பின்னால் நின்று பிடித்தேன். தட்டுக்கு அடியில், ஒருவருக்கும் தெரியாத இடத்தில், ஒரு கோடு ஒட்டினாள். புழு நெளிந்த மாதிரி இருந்தது. மற்ற ஒட்டுகள் எல்லாவற்றையும் கிறைண்டரால் தேய்த்தேன். அதை மட்டும் தேய்க்கவில்லை.

கடைசியில் அடுப்பைச் சுற்றிக் காற்று மறைப்பு. அது அவள் கேட்டது. "மெசினுக்கே இந்தக் காற்று ஏலாதெண்டா என்ர அடுப்பு நெருப்புக்கு எப்பிடி ஏலும்?" என்றாள். கடற்கரை வண்டி எதிலும் அப்படி ஒன்று நான் கண்டதில்லை. எல்லாரும் மட்டை பிடித்துக்கொண்டுதான் வடை சுடுவார்கள். மூன்று பக்கத்துக்கு ஒட்டினேன். நாலாவது பக்கத்துக்குத் தகடு போதவில்லை. அதுதான் முதல் கிழமையில் அப்பமாகிப் போயிருந்ததே. ஞாயிற்றுக்கிழமை, கடையும் பூட்டு.

"பரவாயில்லை. நாளைக்குப் பாப்பம்" என்றாள். அடுத்த நாள்தான் முதலாம் திகதி.

கந்தோர் ஐயா வண்டியைச் சுற்றி வந்து, மூலையை விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்ல வேலை. எங்க செய்வித்தனீங்கள்?"

"குசினியில" என்றாள்.

"இல்லைப் பிள்ளை, வண்டியைக் கேக்கிறன்."

"வண்டியைத்தான் ஐயா சொல்லுறன். குசினியில."

அவர் என்னைப் பார்த்தார். நான் முகத்தைப் பெரிய மனுசன் மாதிரி வைத்துக்கொண்டு, ஓம் என்று தலையாட்டினேன். இடத்தைக் கொடுத்துவிட்டார்.

அன்று பின்னேரம் கடற்கரை மணலில் மூன்றுபேரும் சேர்ந்து வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தினோம். கச்சான் முதுகில் அடித்தது. கொஞ்சம் தள்ளி, பழைய வண்டிக்காரர் மட்டையால் அடுப்பை மறைத்துக்கொண்டு நின்றார். இவள் அடுப்பைப் பற்றவைத்தாள். மூன்று பக்கமும் தகடு. நெருப்பு ஆடாமல் நின்றது. எண்ணெய் காய்ந்தது. முதல் வடையைக் கையில் தட்டி, இறாலை மேலே வைத்து அமத்தி, எண்ணெயில் விடப்போகும்போது காற்று ஒரு சுழற்சி சுழன்று மறைப்பில்லாத பக்கத்தால் வந்தது. நெருப்பு படுத்தது.

"இஞ்சருங்கோ" என்றாள், வடையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் இந்தப்பக்கம் வந்து நில்லுங்கோ."

போய் நின்றேன். நெருப்பு எழும்பியது. வடை எண்ணெயில் இறங்கிய சத்தம் கேட்டது. எனக்கு நன்றாகப் பழகின சத்தம்.

மச்சான் முதல் வடையை ஊதி ஊதிக் கடித்துக்கொண்டே, "என்ன மச்சான், காவலுக்கு நிக்கிறியோ?" என்றான்.

"இல்லை. நான்தான் நாலாவது தகடு."

அதே கொழும்புச் சனம் மாதிரி ஒரு கூட்டம் வந்தது. அதில் ஒரு அம்மா கடித்துவிட்டு, யார் செய்தது என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். இவள் கரண்டியை என் பக்கம் நீட்டினாள். நான் வாயை மூடினேன்.

"நான்" என்றாள். அடுத்த வடையைக் கையில் தட்டத் தொடங்கினாள்.

நாலாவது பக்கத்துக்கு அளவான தகடு அடுத்த நாளே வாங்கி வந்துவிட்டேன். கொட்டிலில் சாய்த்து வைத்திருக்கிறேன். அதைச் சுற்றி வந்த மட்டையை மான் எப்போதோ தின்றுவிட்டது. கச்சான் காலம் முழுக்க வேலை முடிந்து நேரே கடற்கரைக்குப் போய் அந்தப் பக்கத்தில் நிற்கிறேன். முதுகு சுடும், முன்னால் வடை மணக்கும். தகடு என்னவாயிற்று என்று அவள் கேட்டதில்லை. நானும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.